ராஜா வீட்டுத் தோட்டம்

தோட்டத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று புலம்புகிறவர்கள் பிரான்சின் பதினான்காம் லூயியிடம் பாடம் கேட்க வேண்டும். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் நீரூற்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொங்கத் தண்ணீர் கிடையாது. அதனால் என்ன? ராஜா வருகிறார் என்றால் விசில் பறக்கும், ஊற்று பொங்கும். அவர் தலை மறைந்ததும் குழாயை மூடிவிடுவார்கள். சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க 1684-இல் சேன் நதியில் 14 ராட்சதச் சக்கரங்களைப் பூட்டினார். போதவில்லை.

மறு வருடமே, யூர் நதியைத் தோட்டத்துக்குத் திருப்ப ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மண்வெட்ட அனுப்பினார். பலர் காய்ச்சலில் செத்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது லேசான வேலையா? 1688-இல் போர் மூண்டது, வேலை நின்றது. யூரிலிருந்து ஒரு சொட்டும் வந்து சேரவில்லை.

ராஜா தளரவில்லை. 1689-இல் ஒரு கையேடு எழுதினார்: தோட்டத்தை விருந்தாளிகளுக்கு எப்படிச் சுற்றிக் காட்டுவது என்று.