காந்தக்காரர்

மைசூரிலிருந்து வருகிற சாலை ஊட்டிக்கு ஒன்று, வயநாட்டுக்கு ஒன்று என்று பிரிவது குண்டலுபேட்டையில். அதனால் மூன்று மாநிலத்து ஆசைகளும் இங்கே டீ குடிக்க நிற்கும். ஏதோ ஒரு எஸ்டேட் ஷெட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த பழைய ஃபாரின் ஓபன் கார் விலைக்கு வருகிறதென்றால், விற்கிறவரும் வாங்குகிறவரும் சந்திக்கத் தோதான ஊர். அப்படிச் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒருவர் நிற்பார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தலையாட்டாமல் பேரம் படியாது.

அவருக்கென்று சொந்தமாக இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல். ஓபன் கார் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டால், "ஓட்டுறவனுக்கு வண்டியைப் பத்தி என்ன சார் தெரியும்?" என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

வந்ததும் காரைப் பார்க்க மாட்டார். வாங்க வந்தவரின் காரில் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். டிஎன் என்றால், இது ஜெமினி கணேசன் ஏறிய வண்டி. கேஎல் என்றால் பிரேம் நசீர். கேஏ என்றால் ராஜ்குமார். பெயரைச் சொல்லுமுன் கையெடுத்து ஒரு கும்பிடு. மூன்று பிளேட்டும் ஒரே நாளில் வந்து நின்றால்? மூவரும் சேர்ந்து போனதாகச் சொல்லிவிடுவார். நாலு சீட் வண்டிதானே.

இவ்வளவு புளுகுகிறவர், தகரத்தின் விஷயத்தில் மட்டும் பொய் சொல்லத் தெரியாதவர். சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் வெளியே வரும். பெயின்ட் கீறக்கூடாதென்று அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவின் அடிப்பக்கமாக நகர்த்துவார். தகரம் உள்ள இடத்தில் இழுக்கும். பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் பொத்தென்று கையில் விழும். ஒவ்வொரு முறை விழும்போதும் விற்கிறவரைப் பார்த்துப் புன்னகைப்பார். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு வண்டியின் நடுவில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கிக் கதவைத் திறந்து மூடச் சொல்வார். மேலே கூரையின் பிடிப்பு இல்லாத வண்டிக்கு பலமெல்லாம் அடியில்தான். அங்கே துரு தின்றிருந்தால் கதவு போய்ப் பூட்டில் சேராது.

கான்வாஸ் கூரைக்குத் தனிப் பரீட்சை. வாங்குகிறவரை உள்ளே உட்கார வைத்து, கூரையை மூடி, டீக்கடைச் சொம்பால் மேலே தண்ணீர் ஊற்றுவார். சட்டையில் எத்தனை இடம் நனைந்ததோ அத்தனை பத்தாயிரம் விலையில் குறையும். வெள்ளைச் சட்டையில் வருகிறவர்களை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

அவருடைய உச்சக்காட்சி ஹெரால்டு. "கடல் தாண்டி வந்தது சார்" என்று விற்கிறவர் அடித்துச் சொல்ல, இவர் கொக்கியைத் தளர்த்தி, மட்கார்டோடு சேர்த்து வண்டியின் முகத்தையே முன்னால் கவிழ்ப்பார். ஹெரால்டு அப்படித்தான் திறக்கும். முன்டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து எஞ்சினைப் பார்ப்பார். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் 948 சிசியோடு வந்து, 1961-இல் 1147 சிசிக்கு வளர்ந்தது. அதே 1961-இல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி கட்டத் தொடங்கிய ஹெரால்டு கடைசிவரை 948-லேயே நின்றுவிட்டது. தனிச் சேஸிஸ் மேல் உட்காரும் வண்டி. கூரை வெறும் போல்ட்டில் நிற்பது. ஸ்பேனரும் ஒரு பகலும் இருந்தால் மெட்ராஸ் கார் லண்டன் கார் ஆகிவிடும். இவர் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் விரலை ஓட்டி, பட்டி வைத்து அடைத்த போல்ட் ஓட்டைகளைத் தடவுவார். "கடலைப் பார்த்திருக்கும் சார். மெரினாவில்."

பேப்பர் பார்ப்பதும் உண்டு. சேஸிஸ் நம்பரைச் சாக்பீஸ் தேய்த்து எழுத்தெழுத்தாக ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுவார். உண்மையாகவே கடல் கடந்ததென்றால் கஸ்டம்ஸ் கட்டிய காகிதத்தைக் கேட்பார். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி விஏ எழுத்துள்ள நம்பர் வாங்கலாம்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். வாங்குகிறவர் முகம் மலரும்போதே அடுத்த வரி வரும்: "ஆனா கண்காட்சி, ராலிக்குத்தான் அண்ணா எடுக்கணும். தினம் பால் வாங்கப் போக முடியாது." ஓபன் காரில் பால் வாங்கப் போகிற கனவில் வந்தவர்தான் பெரும்பாலும் அங்கே நிற்பார்.

கமிஷன் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அவர் திறமை தொகையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடல். ஊட்டிக்காரரானாலும் வயநாட்டுக்காரரானாலும் அதற்குமுன் சோதனைச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். எனவே மாலை நாலு மணிக்கே, "ராத்திரி எங்கே தங்கறீங்க?" என்று உபசாரமாக விசாரித்து வைத்துக்கொள்வார். யார் காடு தாண்ட வேண்டுமோ அவர்தான் அன்று விட்டுக்கொடுக்கப் போகிறவர். இருவருமே தாண்ட வேண்டுமென்றால் இன்னும் நல்லது. எட்டு மணிவரை கார்புரேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எட்டேகாலுக்கு அவர் சொல்கிற விலையை யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பேச்சு ஒன்பதைத் தாண்டிவிட்டாலும் பாதகமில்லை. அவருடைய மச்சான் லாட்ஜ் வைத்திருக்கிறார். அங்கே ரூம் வாடகையில் பேரம் கிடையாது.