வியாழக்கிழமைப் பாத்தியம்

என் அப்பாவும் பெரியப்பாவும் பல வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு வியாழக்கிழமை.

காங்கேயம் பக்கத்தில் தாத்தாவுக்கு ஒரு கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது காட்டை அளந்து கல் நட்டுவிட்டார்கள். கிணற்றை எப்படிப் பிரிப்பது? கிழமையைப் பிரித்தார்கள். ஞாயிறு, திங்கள் பெரியப்பாவுக்கு. செவ்வாய், புதன் எங்களுக்கு. வெள்ளி, சனி சித்தப்பாவுக்கு. மிஞ்சிய வியாழன் ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு என்று சுற்றிவரும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார், பெரியப்பா வேறொரு கணக்கு வைத்திருந்தார். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வாய்க்கால் மேட்டில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பத்திரத்தில் ‘மேற்படி கிணற்றில் பொதுவில் மூன்றில் ஒரு பங்கும், முறைத் தண்ணீர் பாத்தியமும், மாமூல் தடப் பாத்தியமும்’ என்று எழுதியிருக்கும். அந்த வரியை அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். எங்கள் முறை வருகிற அன்று விடியும் முன்பே மோட்டார் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அரை மணி நேரத் தண்ணீரை விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும்.

இந்த மனிதர்தான் 1990இல் கொடைக்கானலில் ஒரு வாரம் வாங்கினார்.

கோயம்புத்தூரில் ஒரு ஓட்டல் ஹாலுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. ஏ.சி., காபி, முந்திரி பக்கோடா, டை கட்டிய பையன் ஒருவன். “ஓட்டலுக்குக் குடுக்கற வாடகை போனது போனதுதான் சார். இது உங்க சொத்து. உங்களுக்கப்புறம் பசங்களுக்கு, பேரப்பசங்களுக்கு. 99 வருஷம்!” என்றான். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “முறை எப்போ மாறும்?”

பையனுக்குப் புரியவில்லை. சமாளித்துக்கொண்டு, “மத்தியானம் செக்-இன் சார்” என்றான். அப்பாவுக்கு அது போதும். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

யோசித்தால் அவர் ஏமாந்தார் என்று சொல்ல மாட்டேன். மலையில் பங்களா வாங்க முடியாதவர்கள் வருடத்தில் ஆளுக்கொரு வாரமாக வாங்கிக்கொள்ளட்டும் என்று 1960களில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் யாரோ யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சுற்றிவிட்டு 1980களில் அது இங்கே வந்து சேர்ந்தது. காங்கேயத்துக்காரருக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது? கிணற்றுக்குப் பதில் கட்டில், மெத்தை, வெந்நீர்.

வித்தியாசம் பின்னால்தான் தெரிந்தது. ஏப்ரல், மே எல்லாம் ‘சிவப்பு’ சீசன், விலை அதிகம். அப்பா வாங்கியது மலிவான மழைக்கால வாரம். அரிசி, பருப்பு, புளி, குக்கர் சகிதம் கிளம்பிப் போய் அந்த அறையின் குட்டிச் சமையல்கட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஏரியைப் பார்த்ததைவிடப் பனிமூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். அம்மா ஒரே ஒரு தடவை வந்தார். வத்தலக்குண்டில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைப் பெருமாள்மலை வரை முகர்ந்துகொண்டே வாந்தி எடுத்தவர், அதன்பிறகு அந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குறிஞ்சி 1994இல் பூத்தது, 2006இல் பூத்தது, 2018இலும் பூத்தது. மூன்று முறையும் நாங்கள் கேட்ட தேதிக்கு அறை இல்லை.

போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது. முதலில் நான்கு பேர் ஓட்டலில் சாப்பிடும் காசு. பிறகு வருடா வருடம் ஏறியது. 2017க்குப் பிறகு அதன் தலையில் ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம். கிணறு தூர் வாரும் செலவையும் மூன்று பங்காகத்தான் போட்டார்கள். ஆனால் ஆள் இறங்கித் தூர் வாருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்பா காலமாகி, காரியம் எல்லாம் முடிந்து, பீரோவைத் திறந்தோம். காட்டுக்குச் சண்டையில்லை. அவர் இருக்கும்போதே எனக்கும் அண்ணனுக்கும் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டார். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு. அப்போது 25,000 ரூபாய், 2023 ஜூலையிலிருந்து 40,000. தங்கச்சிக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்று அன்றைக்கு அண்ணன்தான் பேசி முடித்தார்.

அடியில் சிவப்பு ரெக்சின் உறை போட்ட கொடைக்கானல் ஃபைல் இருந்தது. சத்தமில்லாமல் அதைத் தங்கச்சி பக்கம் நகர்த்தினார் அண்ணன்.

“நீயே வெச்சுக்க பாப்பா. அப்பாவுக்கு உன்மேலதான் உசுரு.”

“எனக்கு வேண்டாங்ண்ணா. உங்க வீட்ல குழந்தைங்க இருக்குது, நீங்களே எடுத்துக்கங்க.”

“அதெப்படி? பொம்பளப் புள்ளைக்கும் சம பங்குன்னு 1989லயே சட்டம் வந்துருச்சே!”

“காட்டுக்கு வராத சட்டம் கொடைக்கானலுக்கு மட்டும் வருதாக்கும்?”

அண்ணன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். சட்டத்தைச் சொல்கிறவர் சரியாகவும் சொல்லவில்லை. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்தது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கான திருத்தம். அப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போனதில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு. ஆனால் ஒரு அண்ணன் தன் தங்கையின் சொத்துரிமைக்காக அவ்வளவு உருகி வாதாடியதை எங்கள் வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பெயர் மாற்றுவது எப்படி என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். காட்டுக்குக் கேட்பதுபோல வில்லங்கச் சான்று, பட்டா எதுவும் வேண்டாமாம். இருந்தால்தானே கேட்க! அப்பா வாங்கியது மலையில் ஒரு சாண் மண்ணைக்கூட அல்ல, வருடத்துக்கு ஒரு வாரம் தங்குகிற உரிமையை மட்டும்தான். அதன் பதிவேடு சார்பதிவாளரிடம் இல்லை, அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிய கடிதம், முத்திரைத்தாளில் நோட்டரி வைத்த உறுதிப்பத்திரம், ஆதார், பான், அசல் சான்றிதழ், மாற்றக் கட்டணம். அதற்கெல்லாம் முன்னால் பாக்கி பராமரிப்புக் கட்டணத்தை வட்டியோடு கட்டியாக வேண்டும். நாங்கள் வாழ்நாளில் ஒற்றுமையாக எழுதிய ஒரே கடிதம் அந்த ஆட்சேபணையின்மைக் கடிதமாகத்தான் இருக்கும். அவனுக்குக் கொடுத்தால் ஆட்சேபணை இல்லை, அவளுக்குக் கொடுத்தாலும் ஆட்சேபணை இல்லை.

பிறகு எங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். “ஹஸ்பண்ட், ஒய்ஃப், பேரன்ட்ஸ், சில்ட்ரன்னா ஃபேமிலி சார், ஃபீஸ் கம்மி. பிரதர், சிஸ்டர்னா தேர்ட் பார்ட்டி” என்றாள் போனில் பேசிய பெண். அண்ணன் தம்பி மூன்றாம் மனிதர்தான் என்பதைக் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை பிடித்தது. அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாலும் யாராவது ஒருவர் முதலில் தன் பெயருக்கு வாங்கி, பாக்கியைக் கட்டி, பிறகுதான் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் மூன்று பேரும் முழித்துக்கொண்டிருந்தோம். “போறதுக்கே இப்ப இ-பாஸ் எடுக்கோணும், ஐகோர்ட்டே சொல்லிருச்சு” என்று அண்ணன் புதுக் காரணம் ஒன்றைக் கொண்டுவந்தார். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது உண்மைதான். இலவசமாகக் கிடைக்கிற இ-பாஸுக்காக யாரும் பிதுரார்ஜிதத்தை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். “ஒரு வியாழக்கெழமைக்கு அடிச்சுக்கிட்டது போதும். எம்பேருக்கு மாத்துங்க. பென்சன்ல கட்டிக்கறேன்.”

மனைவி என்பதால் கட்டணமும் குறைவு. மூன்று பேரும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டோம். தங்கச்சி நோட்டரி செலவைக்கூடத் தானே கொடுத்தாள்.

புது அட்டை கூரியரில் வந்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது வயது எண்பத்திரண்டு. அட்டையில் முடிவு ஆண்டு 2089.