கணிப்பொறிப் பகைவனின் முதற்படையெடுப்பும் ஊர்காத்தலும்: ஓர் ஆய்வு

1999ஆம் ஆண்டு என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் வியூக விளையாட்டில், பெரும்பாலான நாகரிகத்தார் டவுன் சென்டர் எனப்படும் ஊர்மனை ஒன்றையும், வில்லேஜர் எனப்படும் குடிமக்கள் மூவரையும், வேவு பார்க்கும் குதிரைவீரன் ஒருவனையும் கொண்டே வாழ்வைத் தொடங்குகின்றனர். சுற்றுவெளியில் திரியும் ஆடுகள் முதலில் யார் கண்ணில் படுகின்றனவோ அவருக்கே உரியனவாகும். ஆயினும் உரியவரின் ஆள் அருகில் இல்லாத வேளையில் பகைவனின் ஆள் எதிர்ப்பட்டால், அவை சிறிதும் கூச்சமின்றிக் கட்சி மாறிவிடும். புறப்பொருள் வெண்பாமாலை போரின் தொடக்கமாக வெட்சியை, அதாவது பகைவரின் ஆநிரை கவர்தலை வைத்திருப்பதால், இவ்விளையாட்டின் கணிப்பொறிப் பகைவன் இலக்கணம் வழுவாதவன் என்றே கொள்ளவேண்டும். கவர்ந்த நிரையை மீட்கும் கரந்தையை மட்டும் இவ்வாய்வு பரிந்துரைக்கவில்லை. 100 அலகு உணவு தரும் ஓர் ஆட்டுக்காகக் குடிமக்களைக் காட்டுக்குள் ஓடவிடுவது கட்டுப்படியாகாது.

பகைவனுக்குச் சினம் உண்டு என்பது ஆடுவோரிடையே பரவலாக நிலவும் கருத்து. உண்மையில் அவன் நிபந்தனைகளும் செயல்களுமாக எழுதப்பட்ட விதிகளின் தொகுப்பே ஆவான். இன்ன நேரம் கடந்துவிட்டதா, இத்தனை வீரர் சேர்ந்துவிட்டனரா என்ற வினாக்களுக்கு ஆம் என்ற விடை கிடைத்ததும் தாக்குக என்ற ஆணை பிறக்கிறது. நள்ளிரவில் திரையை நோக்கி வசைபாடுவோர் இதனைக் கருத்தில் கொள்வார்களாக. பழைய பதிப்பின் மிகக் கடினமான நிலையில் அவனுக்குக் கூடுதல் வளங்கள் புறவாசல் வழியே வழங்கப்பட்டன என்பதும், 2019இல் வந்த மறுபதிப்பின் உச்சநிலைப் பகைவன் அத்தகைய சலுகை ஏதுமின்றியே ஊரை எரிக்கிறான் என்பதும் ஒப்புநோக்கத் தக்கவை. வசைபாடுதலுக்கு ஓரளவு நியாயம் இருந்த காலம் முந்தையதே.

ஊர் அழிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது பகைவனின் வாள் அன்று, ஊர்மனையின் மணியே. மணியை அடித்தால் குடிமக்கள் அனைவரும் மரத்தையும் வயலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கட்டடங்களுக்குள் புகுந்துகொள்கின்றனர். ஊர்மனை 15 பேரைக் கொள்ளும். உள்ளிருப்போரின் எண்ணிக்கைக்கேற்ப அது அம்பும் எய்யும். ஆயின் வந்தவர் வாள்வீரர் மூவரே எனில், அம்மூவரும் வெளியே உலாவும் வரையில் ஊரில் விறகும் இல்லை, உணவும் இல்லை, எனவே புதிய பிறப்பும் இல்லை. தாக்கப்படும் இடத்தில் உள்ளவரை மட்டும் உள்ளே அனுப்பி, ஏனையோரை வேலையில் நிறுத்துவதே தக்கது. மணியை இரண்டாம் முறை அடித்தாலே குடிமக்கள் வேலைக்குத் திரும்புவர் என்பதை மறந்து, பகைவன் போனபின்னும் நெடுநேரம் ஊரடங்கு நடத்திய தலைவர்கள் பலர்.

50 பொன்னுக்கு ‘லூம்’ என்னும் தறி நுட்பத்தைப் பெற்றால், குடிமகனின் உயிரளவு 25இலிருந்து 40 ஆகிறது. நெசவு கற்றவுடன் மேனி எவ்வாறு வன்மையுற்றது என்பதை விளையாட்டு விளக்கவில்லை. பிள்ளைப்பேறும் ஆராய்ச்சியும் ஒரே ஊர்மனையில் நடப்பதால், தறி முடியும்வரை பிறப்பு நின்றுவிடுகிறது; எனவே அதனை எப்போது பெறுவது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. குதிரைப்படைக்கு ஈட்டிவீரரை நிறுத்துக என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

மதில் காக்கும் நொச்சிக்கு மரவேலி போதும். ஐவருக்கு ஒன்று வீதம் எவ்வாறாயினும் கட்டியாகவேண்டிய வீடுகளையே வேலியின் இடையிடையே நிறுத்துவது சிக்கனமானது. ஆயினும் ஊரைச் சுற்றி வளைத்தவர் ஒரே ஒரு கட்டத்தைத் தவறவிட்டாலும், வழி தேடுதலைக் கணக்காகவே செய்யும் பகைவனிடமிருந்து அது மறையாது. வேலியில் ஓட்டை உள்ளதா என அறிய விரும்புவோர் தனியே சோதிக்கத் தேவையில்லை. அவனுடைய முதல் குதிரைவீரன் எவ்வழியே உள்ளே வந்தான் என்று பார்த்துக்கொண்டால் போதுமானது.