மூணு சுழி

நல்லதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. எல்லாம் நான் வெளியேறிய பிறகு.

1981-ல் ஐந்தாம் வகுப்பு முடித்தேன். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். எங்களுக்கு வாய்த்தது காமராசர் காலத்து மதிய உணவின் மிச்சம்: அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவை. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளைகிறது. பள்ளிக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் பச்சை வயல். அதைப் பார்த்தபடி அமெரிக்க உப்புமா தின்றோம்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே, வாய்க்கால் கரையில் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் சின்ன சாருக்கு, மீதி மூன்று வகுப்பும் பெரிய சாருக்கு. எல்லாம் ஒரே கூடம். நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது மூன்றாம் வகுப்பும் சேர்ந்து கத்தும்; அப்படித்தான் எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒரு வருஷம் முன்னதாகவே மனப்பாடம். சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை, கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும். ஜூனில் பள்ளி திறக்கும் சமயத்தில்தான் பெரியாற்றுத் தண்ணீரும் திறப்பார்கள். தண்ணீர் வந்தால் நடவு, நடவென்றால் வகுப்பில் பாதி காலி. பதிவேட்டில் மட்டும் அத்தனை பேரும் வந்திருப்போம்.

பெரிய சாரின் பிரம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்து விஷயத்தில் அவர் கறார். அன்றைய 'லை'க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு உண்டு. 'னா'வும் 'ணா'வும் கால் வாங்காமல் அடியில் வளைந்து சுழியும். அந்த வளைவு எனக்குக் கடைசிவரை படியவில்லை. அடி வாங்கி, அழுது, ஒருவழியாக மூன்றாம் வகுப்பில் துதிக்கை கைக்கு வந்தது. அந்த வருஷம்தான், 1978-ல், பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அரசாணை வந்தது. பதிமூன்று எழுத்துகள் மாறின. பழைய துதிக்கை போட்டதற்காக மறுபடி அடி! தப்பாக எழுதியதற்கு ஒன்று, சரியாக எழுதியதற்கு ஒன்று. அரசாங்கம் எனக்கு இன்னும் பாக்கி.

ஆனால் மனுஷர் பாடம் நடத்தினால் தனி. ஒருநாள் எங்களை வாய்க்கால் கரைக்கு ஓட்டிப்போய், "இந்தத் தண்ணி மேற்க போய்க் கடல்ல விழவேண்டியதுடா. மலையைக் குடைஞ்சு இங்கிட்டுத் திருப்பிவிட்டாரு பென்னிகுவிக்" என்றார். புவியியலும் வரலாறும் கால் நனைய நனைய அரை மணியில் முடிந்தது. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்றும் சொன்னார். அதற்கு ஆதாரம் கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. கேட்டால் பிரம்பு பதில் சொல்லும்.

முல்லைப் பெரியாறு வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. ஆற்றைத் திருப்ப எட்டு வருஷம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பத் தனியார் பள்ளியின் ஒரு மஞ்சள் வேன் போதுமாயிருந்தது.

இன்று அதே பள்ளியில் டைல்ஸ் தரை, சுவரில் டி.வி., புத்தகத்தில் கியூ.ஆர். கோடு. ஏணிப்படி அட்டைகளோடு செயல்வழிக் கற்றல் வந்தது, போனது. 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்'. பிரம்பு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்கிறது. எங்கள் காலத்தில் நூற்றுச் சொச்சம் பேருக்கு இரண்டு பேர், இப்போது பதினாலு பேருக்கு இரண்டு பேர். அந்தப் பதினாலும் பெரும்பாலும், விடியுமுன் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். 2023 ஆகஸ்ட் முதல் காலைச் சாப்பாடும் பள்ளியிலேயே. ஆரம்பத்தில் திங்கட்கிழமை என்ன போட்டார்கள்? உப்புமா. நல்லவேளை, அமெரிக்காவிலிருந்து வரவில்லை.

இதே அரசாங்கம் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்துக்குக் கட்டணமும் கட்டுகிறது. தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டே, எதிர்க்கடைக்குக் காசு கொடுத்து ஆள் அனுப்புகிற முதலாளியை வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குப் பேச அருகதை கிடையாது. என் பேத்தி போவதும் மஞ்சள் வேனில்தான்.

அந்தக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, போன வருஷம் முன்னாள் மாணவர்கள் கூடிக் கல்விச் சீர் எடுத்தோம். ஊர் ஊராக நடக்கிற விசேஷம்தான். பீரோ, நாற்காலி, குடம், பாய், தாம்பாளம் தாம்பாளமாகப் பென்சிலும் நோட்டும். முன்னால் மேளம். நான் குளோபைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். பள்ளி வாசலை நெருங்கும்போது ஆரன் அடித்தது. ஊர்வலம் ஒதுங்கி வழிவிட்டது. வேனுக்குள் இருந்தது பூராவும் சீர் சுமந்தவர்களின் பிள்ளைகள். பேத்தி ஜன்னலில் தலையை நீட்டி, "தாத்தா, எங்க போறீங்க?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"இப்பத்தான் சேர்றீங்களா?"

உள்ளே வரவேற்புப் பாட்டு முடிந்து, பொன்னாடைக்காக வரிசையில் நின்றோம். பின்னால் பெரிய ப்ளெக்ஸ், அதில் எங்கள் படங்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதை எழுத்துக்கூட்டாமல் கடகடவென வாசித்தாள். நடுவில் நின்று, டீச்சரின் சேலையை இழுத்தாள்.

"டீச்சர், 'முன்னாள்'ல மூணு சுழி போட்டிருக்காங்க. ரெண்டு சுழிதான வரணும்?"

"சும்மா இரும்மா, பெரியவங்க" என்றார் டீச்சர். ஆனால் அவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். என் படத்துக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில், 'முண்ணாள் மாணவர்கள்'.

"எழுதிக் கொடுத்தது யாருப்பா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். நான் குளோபைச் சுற்றி அமெரிக்காவைத் தேடிக்கொண்டிருந்தேன்.