மாப்பிள்ளைக்கு ராத்திரி டூட்டி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், புது அப்பாக்களுக்குப் பிள்ளை சனி, ஞாயிறுகளில் மட்டும்தான் கிடைக்கிறது. மதுரைப் பக்கத்து மாமியார் வீட்டுக்குச் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வரும் ஒரு மாப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஐந்தாவது வாரம். பகலெல்லாம் தூங்குகிறது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "இருக்கிற இடமே தெரியலையே, தங்கம்!" என்று மெச்சிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கம் வாயைத் திறக்கிறது.

"மாப்பிள்ளை, நீங்க போய்ப் படுங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார் மாமியார். அது உபசாரம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் தூங்க முடிகிறவர், காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்ட மாமனார் ஒருவர்தான்.

பால் கொடுத்தாயிற்று. துணி மாற்றியாயிற்று. தோளில் போட்டுத் தட்டியதில் பெரிய ஏப்பமாக ஒன்று வந்து, எல்லோரும் மகிழ்ந்தும் ஆயிற்று. அழுகை மட்டும் நிற்கவில்லை. முகம் செக்கச்செவேலென்று ஆகிறது, விரல்கள் இறுகுகின்றன, முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்குகின்றன. "வயித்து வலிதான்" என்கிறார் மாமியார். "உரம் விழுந்திருக்கு, காலையில முறத்துல போட்டு உருட்டி எடுத்துரலாம்" என்று பக்கத்து வீட்டிலிருந்து தூக்கம் கலைந்த குரல் ஒன்று வருகிறது. மனைவியின் அம்மாச்சிக்குச் சந்தேகமே இல்லை: பகலில் வந்தவர்களில் யாரோ ஒருவர் கண்தான். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படுகின்றன. நெடி வரவில்லையென்றால் கண் பட்டது உறுதி. நெடி வந்துவிட்டால், சுற்றியது போதவில்லை, இன்னொரு தரம் சுற்ற வேண்டும். மிளகாய் தோற்பதற்கு வழியே இல்லாத ஏற்பாடு. அன்றைக்கு நெடி வந்து, பிள்ளையோடு சேர்ந்து மற்றவர்களும் கண்ணீர் விட்டார்கள்.

இந்த அழுகைக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் 1954இல் ஒரு கணக்குச் சொன்னார். நன்றாக வளரும் குழந்தை, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது 'கோலிக்'. பிள்ளையை ஏந்திக்கொண்டு கடிகாரமும் பார்த்து, மூன்று வாரம் நோட்டில் குறித்து வைக்கிற தெம்பு எந்த வீட்டில் இருக்கிறதோ தெரியாது. மருத்துவர்களுக்கே அது தோன்றியிருக்க வேண்டும். 2016இல் வந்த, வயிறு–குடல் கோளாறுகளை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கும் ரோம் விதிமுறைகள் இந்த மூன்று மூன்று கணக்கை வைத்தியத்துக்குத் தேவையில்லை என்று கைவிட்டன.

அதைவிட உருப்படியான வேலை இன்னொரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் செய்தது. 80 குழந்தைகளின் அம்மாக்களை அழுகைக்கு டைரி எழுதச் சொல்லி, 1962இல் முடிவை வெளியிட்டார். எந்த நோயும் இல்லாத அந்தக் குழந்தைகள் ஆறாவது வார வாக்கில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதிலும் சாயங்காலத்துக்கு மேல்தான் அதிகம். ஆறு வாரம் வரை ஏறுகிற அழுகை, பிறகு இறங்குகிறது. மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்காமல், மணிக்குப் பலமுறை பால் கொடுக்கும் குங் சான் மக்களிடத்திலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. ஒவ்வொரு அழுகையும் சீக்கிரம் முடிகிறது, அவ்வளவே. அங்கே மிளகாய் சுற்றுவதாகத் தகவல் இல்லை.

எட்டாவது வாரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அது கைகண்ட மருந்தாகிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. அழுகை தானாக இறங்கும்போது யார் கையில் சங்கு இருந்ததோ, அவர்தான் வைத்தியர். கிரைப் வாட்டரின் புகழும் பெரும்பாலும் இப்படி வந்தது என்றே சொல்லலாம். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது அது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை இவற்றோடு, பழைய தயாரிப்பில் 3.6 சதவீதம் ஆல்கஹாலும் இருந்தது. பீருக்குச் சற்றுத்தான் குறைவு! பிள்ளை ஏன் அமைதியானது என்று ஆராய்வதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இப்போதைய பாட்டிலில் ஆல்கஹால் கிடையாது. ஆனாலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சு. உரைகல்லில் இழைக்கிற வசம்புக்கும் அதே தடை. அமெரிக்காவில் 1968இலேயே அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கையில் வளையலாகக் கிடக்கட்டும் என்று பார்த்தால், பிள்ளை அந்தக் கையைத்தான் நேரே வாய்க்குக் கொண்டுபோகிறது.

ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடக்கிறார். நின்றுவிட்டது! அவர் நின்றதும் பிள்ளை ஆரம்பித்துவிட்டது. இந்த அநியாயத்துக்கு ஜப்பானின் ரிகென் ஆய்வகத்தில் குமி குரோடா குழுவினர் விளக்கம் தேடினார்கள். தூக்கிக்கொண்டு நடந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி உடம்பு தளர்கிறது. நின்ற இடத்தில் வைத்திருந்தால் அப்படி ஆவதில்லை. தூங்கிய பிள்ளையைப் படுக்கையில் விடும்போது, முதுகு பாயில் படுவதற்கு முன்னாலேயே, நம் உடம்பைவிட்டுப் பிரிகிற கணத்தில் துடிப்பு எகிறுகிறது. 2022இல் அவர்கள் சொன்ன வழி இது: ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும், தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், அதன்பிறகே கீழே விட வேண்டும். மாப்பிள்ளை உட்கார்ந்தார். எட்டு நிமிடம் முடிவதற்குள் தூணில் சாய்ந்து அவரும் தூங்கிப்போனார். பிள்ளையை மெதுவாக வாங்கித் தூளியில் விட்ட அம்மாச்சி, காலையில் எல்லோரிடமும் சொன்னார்: "ரெண்டாந்தரம் சுத்துனேன்ல, அதான்."

எல்லா அழுகையும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற அழுகை இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது — இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால்விரல்களையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டுகிற காலம். உதிர்ந்த ஒற்றை முடி விரலில் சுற்றி இறுகிக்கிடப்பதுண்டு. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைக் குலுக்கவே கூடாது, மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். தாங்கவில்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

குழந்தை பார்க்கப் போகிற சொந்தக்காரர்களே, பவுடர் டப்பா போதுமான அளவு சேர்ந்துவிட்டது. அடுத்த முறை சாப்பாட்டுத் தூக்கோடு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போய், அந்த அம்மாவைத் தூங்கச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள்.