அழுக்குப் போகணும், ராசி போகக்கூடாது

ராயகிரியில் ஒரு வீட்டில் பிரசவத் தேதி நெருங்கிவிட்டதை ஆஸ்பத்திரி அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பரணிலிருந்து மரத்தொட்டில் இறங்கும். சிவகிரியிலிருந்தோ வாசுதேவநல்லூரிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டு வாக்கர் பைக்கின் பின்னால் கட்டப்பட்டு வந்து சேரும். கூடவே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் தேங்காய் நாரும் மறு கையில் புளி உருண்டையுமாக ஓர் ஆச்சி முற்றத்துக்கு வந்துவிடுவாள். ஊரார் அவளைச் சுத்தக்காரி என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சுத்தம் ஒன்றுதான் குறி என்றால் தென்காசிக் கடைகளில் புதுசு கிடைக்காமலா போயிற்று? பழைய தொட்டிலைத் தேடிப்பிடித்து வாங்கி வருவதே, அதில் கிடந்த பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் எழுந்து நடந்தார்கள் என்பதற்காகத்தான். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழந்துணி உடுத்துகிற ஊர் இது. ஆகவே ஆச்சிக்கு இருப்பது சுத்தக்காரியின் வேலையைவிடச் சிக்கலான வேலை. அழுக்கும் ராசியும் ஒரே சட்டத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்றை எடுக்க வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல் நடும் சர்வேயர் அவள்.

அவள் கை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். தொட்டில் கம்பியின் களிம்பைப் புளி போட்டுப் பளபளக்க வைப்பவள், மரச்சட்டத்தில் வரிசையாகப் பதிந்திருக்கும் பல் தடங்களுக்கு வந்ததும் நாரைக் கீழே வைத்துவிடுவாள். மருமகள் உப்புத்தாளோடு வந்தால், “ஏளா, அதுல கை வைக்காத. அது பெரியவன் பல்லு மொளைக்கைல கடிச்சது” என்று தடை உத்தரவு வரும். அந்தப் பெரியவன் இன்று திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, கடிக்கிற பல்லில் இரண்டை இழந்தவனாக இருக்கலாம். தடத்தின் மதிப்பு அதனால் குறைவதில்லை. சின்னம்மை வீட்டு வாக்கரில் உள்ள கீறலுக்கோ இந்தச் சலுகை கிடையாது. அது வெறும் அழுக்கு.

இதெல்லாம் மூடநம்பிக்கை, சுத்தத்துக்கும் ஆச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால், அதையும் ஒப்புக்கொள்ள முடியாது. பித்தளைக்குப் புளி, வெள்ளிப் பாலாடைக்குத் திருநீறு, ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் என்று அவள் பிரித்து வைத்திருப்பது வேதியியலுக்கு ஒத்துத்தான் போகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். அதைத் திருநீறு மெல்லத் தேய்த்து எடுக்கும். பசை எண்ணெயில் இளகும். போன் பார்த்துச் சுத்தம் கற்ற மருமகளோ பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் ஆசிடையும் ஒன்றாகக் கலந்தால் இன்னும் வெள்ளையாகும் என்று நினைக்கக்கூடும். கலந்தால் வருவது குளோரின் வாயு. இந்த விஷயத்தில் ஆச்சி கட்சிதான் என் கட்சி.

ஆனால் அவளுடைய சாஸ்திரம் உலோகத்துக்கும் மரத்துக்கும் எழுதப்பட்டது. பிளாஸ்டிக் வந்ததும் தடுமாறுகிறது. வாக்கர் தட்டைக் கம்பிநாரால் தேய்க்கிறாள். விழுகிற ஒவ்வொரு கீறலும் அடுத்த பிள்ளையின் ராகிக்கூழுக்கு வாய்க்கால். காய்ந்த பாலின் மேல் எடுத்த எடுப்பிலேயே கொதிநீரை ஊற்றுகிறாள். பாலிலுள்ள புரதம் சூட்டில் இறுகி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டால் பாதி நேரத்தில் முடிகிற வேலை. துணி இருக்கையை அவள் வெயிலை நம்பித் துவைக்கிறாள். மலையடிவார ஊரில் சாரல் மாதங்களில் வெயில் அவளை நம்பவைத்துக் கழுத்தறுக்கும். நாலு நாள் ஈரத்தில் பூத்த கரும்புள்ளிகளைப் பார்த்து, “அது துணிக்கி மச்சம்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். பூஞ்சணத்துக்கு ராசிப் பட்டா கிடைப்பது இப்படித்தான்.

உண்மையில் வாக்கரைத் தேய்ப்பதா வேண்டாமா என்பதே கேள்வி. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையைத் தடை செய்தது. பழசை விற்பதற்கும் சேர்த்துத்தான் தடை. சக்கரம் இருப்பதால் நடை தெரியாத பிள்ளை, பெரியவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. இதைச் சொன்னால் ஆச்சி, “இதுல உருண்ட பிள்ளையெல்லாம் ஒழுங்காத்தான நடக்கு?” என்பாள். விழாதவர்களை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. இருந்தாலும் முற்றத்தில் எடுபடும். பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது வாக்கரைச் சேலைத் தலைப்பால் மூடி வைக்கிறவளிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை.

சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு, உட்காருகிற இருக்கையாக வைத்துக்கொள்ளலாம் என்று மருமகள் சமரசம் பேசிப் பார்க்கலாம். திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே மூன்று பிள்ளைகள் சிந்திய பாலும் கூழும் அடுக்கடுக்காகத் தெரியும். ஆச்சி அதைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுவாள், முகம் சுளிக்க மாட்டாள். அடுத்த கணமே, கழற்றிய நாலு சக்கரத்துக்கும் எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.