பேகன் பரம்பரைக்கு ஒரு பனிக்காலக் கையேடு

பழனி மலைப் பக்கம் ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் ஒரு மயிலைப் பார்த்தான். பாவம், குளிரில் நடுங்குகிறதே என்று தோளில் கிடந்த போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக இடம் பிடித்தான். மயில் உடுத்தாது, போர்த்தாது என்பது தெரிந்தேதான் கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் சொல்கிறார். இன்று செல்லப்பிராணிக் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் நம்பிப் பிழைப்பது அந்தத் 'தெரிந்தே' என்ற ஒரு சொல்லைத்தான்.

மார்கழி பிறந்துவிட்டது. பேகன் பரம்பரையில் வந்த நமக்கும் கடமை இருக்கிறது. வீட்டில் நாய், பூனை, கோழி, மாடு எது இருந்தாலும் கீழ்க்கண்டபடி நடந்துகொள்ளுங்கள்.

முதலில், குளிர்கிறது என்று முடிவு செய்யுங்கள். இதற்கு வெப்பமானி வேண்டாம். விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறதோ அதுவே உலகத்து உயிர்களுக்கெல்லாம் அளவு. சென்னையில் இதுவரை பதிவானதிலேயே குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. சிம்லாக்காரர் அந்த 13.9இல் சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வார். போகட்டும், நமக்கு 22 டிகிரியிலேயே மங்கி குல்லா இறங்கிவிடும். நாயின் இயல்பான உடல் சூடு 38க்கும் 39க்கும் நடுவில். ஆட்டுக்கு 39ஐ ஒட்டி. கோழிக்கு 41ஐத் தொடும். நமக்கு 41 வந்தால் ஆம்புலன்ஸ் வரும். கோழி அந்தச் சூட்டோடுதான் தினமும் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தகவல்களை உடனே மறந்துவிடுங்கள். இவை நினைவில் இருந்தால் ஸ்வெட்டர் வாங்க மனசு வராது.

ஸ்வெட்டர் வாங்கும் முறை: நாயைக் கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது. அதன் அபிப்பிராயம் முகத்தில் தெரிந்துவிடும். நான் வாங்கியது மெரூன் நிறம், முதுகில் பனிமனிதன் படம். பனியையே பார்த்திராத மணிக்கு. மணி எங்கள் தெருவிலேயே பிறந்து எங்கள் படிக்கட்டடியில் குடியேறியவன். வம்சாவளிச் சான்றிதழ் எதுவும் இல்லை. முன்னங்கால்களை நுழைக்க நான், பின்பக்கத்தைப் பிடிக்க என் மனைவி, படம் எடுக்க மகள் என்று மூன்று பேர் தேவைப்பட்டோம். படம் நன்றாக வந்தது. மணி அரை மணி நேரம் சிலை மாதிரி நின்றான். பிறகு போய் மழைத் தண்ணீரில் படுத்துப் புரண்டு, சொட்டச் சொட்ட வந்து, ஸ்வெட்டரோடு நடுங்கினான். அதுவரை நடுங்காதவன்.

காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. ரோமங்களுக்கு நடுவே தங்கியிருக்கும் காற்றுதான் நாயின் கம்பளி. அதன்மேல் இறுக்கமாக எதையாவது மாட்டினால் அந்தக் காற்று நசுங்கிப் போகும். மாட்டியது நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். நம் ஊர்க் குளிர்காலம் என்பதே பாதி வடகிழக்குப் பருவமழையின் மிச்சம். இங்கே விலங்குக்கு எதிரி ஈரம். அடுத்தபடியாக, கதவிடுக்கில் நுழையும் வாடைக்காற்று. காய்ந்த சாக்கு ஒன்றைக் காற்று அடிக்காத மூலையில் விரித்தால் வேலை முடிந்தது. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி குட்டை ரோமமும் மெல்லிய தோலும் உள்ள நாய், கிழட்டு நாய், நோயில் கிடந்து எழுந்த நாய் இவற்றுக்கு மட்டும் தளர்வான ஒரு துணி உதவும், ஈரமானதும் கழற்றுவதாக இருந்தால். ஆனால் சாக்கை யார் படம் எடுத்துப் போடுவார்கள்?

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ரேம்போ இருக்கிறான். சைபீரியன் ஹஸ்கி. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் டிப்தீரியா பரவியபோது, மைனஸ் 40ஐ ஒட்டிய குளிரில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பனிவண்டி நாய்கள். கடைசிக் கட்டத்தை ஓடி முடித்த அணியை முன்னின்று இழுத்த பால்ட்டோ ரேம்போவின் இனம். பனிக்குவியலில் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு தூங்கும் வம்சம் அது. ரேம்போவுக்கு வருஷத்தில் பத்து மாதம் ஏசி. அவனுக்குப் பிடித்த பருவம் வந்து, ஒருவழியாக நிம்மதியாக மூச்சுவிடலாம் என்று நினைக்கும் மார்கழியில், தொப்பி வைத்த ஸ்வெட்டர்.

போன வருஷம் ஒரு விடிகாலை. மூன்றாம் மாடி சார் ரேம்போவை நடக்கக் கூட்டி வந்தார். கேட்டில் வாட்ச்மேன் தாத்தா, பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் ஒரு துண்டு, காலடியில் கொசுவர்த்தி.

"தாத்தா, ரேம்போ லேசா நடுங்குற மாதிரி இல்ல?"

"ஆ... ஆமா சார். கு... குளிருதுல்ல."

சார் அவசரமாக ரேம்போவைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.

பேகன் கதைக்கும் இப்படி ஒரு பின்பாதி உண்டு. பள்ளிப் பாடத்தில் அதைச் சொல்வதில்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறிடத்தில் இருந்தான். அவள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய் அவளுக்காகப் பாட வேண்டியிருந்தது. எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ அவளிடம் போ என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். எங்கள் அடுக்ககத்தில் புலவர் யாரும் குடியில்லை.

அடுத்து மருந்து. நாய் தும்மினால் ஒரு மூடி பிராந்தி ஊற்றச் சொல்லும் அனுபவசாலி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். கேட்டால், பனிமலையில் செயின்ட் பெர்னார்ட் நாய் கழுத்தில் பிராந்திப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு மனிதரைக் காப்பாற்றுமே என்பார். அந்தப் பீப்பாய் எட்வின் லேண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820இல் வரைந்த ஒரு படத்திலிருந்து ஊருக்குள் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. விடலைப் பையன் தூரிகையில் ஊற்றிய பிராந்தியைத்தான் இருநூறு வருஷமாக நாய்க்குப் புகட்டிக்கொண்டிருக்கிறோம். மது தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கும். மேலே சூடாகத் தோன்றும், உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரை போதும், பூனை போய்விடும். யூகலிப்டஸ் தைலம் தேய்த்தாலும் அது நக்கி உள்ளே கொண்டுபோய்விடும், ஆகவே அதுவும் வேண்டாம்.

அறந்தாங்கிப் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பாயி எந்தக் கையேடும் படித்ததில்லை. ஐப்பசி மழை விட்டதும் கொட்டகையில் சாணியை வழித்தெறிந்து தரையைக் காயவிடுவாள். காய்ந்த வைக்கோலைத் தாராளமாகப் பரப்புவாள். வாடை வரும் பக்கம் மட்டும் கீற்றுத்தட்டி. கன்றுக்குட்டி முதுகில் உரச்சாக்கை அல்ல, சணல் சாக்கை வயிற்றோடு சேர்த்துக் கட்டுவாள். பால்குடி ஆட்டுக்குட்டிகள் குடாப்புக்குள், கோழியும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள், மேலே ஒரு பழஞ்சாக்கு. படுக்கப் போகும்முன் மாட்டுக்கு இன்னொரு பிடி வைக்கோல் போடுவாள். ஏன் என்று கேட்டால், "ராத்திரிக்கி வவுறு காலியாக் கெடந்தா குளிரத்தான்டா செய்யும்" என்பாள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதையே வேறு சொற்களில் சொல்லித்தருகிறார்கள். மாட்டின் முதல் வயிற்றில் வைக்கோல் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. அடுப்பு மாட்டுக்குள்ளேயே இருக்கிறது, நாம் விறகு தள்ளினால் போதும். கொசுவுக்கு மூட்டம் போடும்போது மட்டும் அப்பாயி யாரையும் நம்பமாட்டாள். கொட்டகைக்கு வெளியே, காற்று பார்த்து, பச்சை வேப்பிலை போட்டு, அணைந்தது தெரிந்த பிறகுதான் உறங்கப் போவாள். அடைத்த கொட்டகைக்குள் புகை போட்டால் கொசுவோடு சேர்ந்து மாடும் இருமும். தீப்பிடித்தால் கட்டுக்கயிற்றை அவிழ்க்க நேரமிருக்காது.

அப்பாயிக்குத் தெரியாத ஒன்றே ஒன்று பல்பு. தாய் இல்லாமல் கடையில் வாங்கிய கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வாக்கில் குறைத்துக்கொண்டு வரலாம். அதற்குத்தான் அந்தக் காலத்துக் குண்டு பல்பு. மாடித்தோட்டத்தோடு கோழியும் ஆரம்பித்த நண்பர் ஒருவர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி பல்பைத் தொங்கவிட்டார். குஞ்சுகள் படிக்க வசதியாக இருந்திருக்கும், சூடு வரவில்லை. வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சுகளே சொல்லும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொண்டால் குளிர், வாயைப் பிளந்துகொண்டு ஓரம் ஒதுங்கினால் புழுக்கம், ஆளுக்கொரு பக்கம் மேய்ந்தால் சரி.

லவ் பேர்ட்ஸ் கூண்டை இரவில் துணியால் மூடுங்கள், அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். காய்ந்து தீயும் நான்ஸ்டிக் தவாவின் புகை பறவையைக் கொன்றுவிடும். மீனுக்கு ஸ்வெட்டர் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

உதகைக்காரர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்; பாதரசம் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போகும். ஆனால் அந்த மலையில் நாயை இரவு வாசலில் விட்டால், குளிர் வந்து சேர்வதற்கு முன் சிறுத்தை வந்து சேர்ந்துவிடும். கயிற்றில் வேறு கட்டிவைத்தால் இலை போட்டுப் பரிமாறியது மாதிரி.

தெருநாய்கள் பெரும்பாலும் மழை முடியும் இந்தச் சமயத்தில்தான் குட்டி போடுகின்றன. பிறந்த முதல் சில நாட்களுக்குக் குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் அந்த வித்தையே பிறகுதான் வரும். அதுவரை தாயின் வயிறுதான் கதகதப்பு. பரிதாபப்பட்டுக் குட்டியை மட்டும் தூக்கி வராதீர்கள். தாயோடு சேர்த்து ஓர் அட்டைப்பெட்டியும் சாக்கும், தாய்க்கு ஒருவேளைச் சோறும் போதும். சில்லிட்டுப்போன குட்டி கையில் கிடைத்தால் உடனே பால் புகட்டப் பார்ப்போம். கூடாது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது வயிறு வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகு பால்.

மணியின் பனிமனிதன் ஸ்வெட்டர் இப்போது என் ஸ்கூட்டர் துடைக்கும் துணி. மணி படுப்பது வாட்ச்மேன் தாத்தா கொடுத்த அரிசிச் சாக்கில். தாத்தாவுக்கு இந்த வருஷம் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு கம்பளி கேட்டிருக்கிறேன், பரிசீலனையில் இருக்கிறது.

பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. முன்பெல்லாம் அது டிவி பெட்டிமேல் தூங்கும். டிவி தகடாக இளைத்த பிறகு செட்டாப் பாக்ஸ்மேல் ஏறிப் பார்த்தது, இடம் போதவில்லை. வீடில்லாத பூனைக்கு ராத்திரி வந்து நிற்கும் கார்தான் கணப்பு. சக்கரத்தின் வழியாக ஏறி, என்ஜின் பக்கத்தில் சுருண்டுகொள்ளும். காலையில் சாவியைத் திருப்பும்போது உள்ளே பெல்ட்டும் விசிறியும் சுற்ற ஆரம்பிக்கும். இதுவரை சொன்னதில் எதை வேண்டுமானாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் வண்டியை எடுக்கும்முன் பானட்டில் இரண்டு தட்டுத் தட்டி, பத்து எண்ணிவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.